காட்டெருதின் சிறுநீரகம்

மலாக்காவின் பாயா ரும்புட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



காட்டில் வாழும் பெரிய விலங்குகளின் உடம்பில் சேரும் நச்சு உலோகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். யானை, சிலாடாங் என்று இங்கே சொல்லப்படும் காட்டெருது, தாப்பிர், மான், காட்டுப்பன்றி ஆகியவைதான் அந்த விலங்குகள். "மலாக்காவில் யானை ஏது, இதைப் பகாங்கில் அல்லவா பேசவேண்டும்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

1854ஆம் ஆண்டு ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இயற்கை அறிஞர் மலாக்காவுக்கு வந்தார். ஆயர் பானாஸில் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். பிறகு குனோங் லேடாங் மலையில் ஏறினார். அங்கே யானையும் காண்டாமிருகமும் நடமாடிய தடயங்களைக் கண்டதாகத் தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஜாசின் பக்கம் இருப்பவர்கள் தினமும் பார்க்கிற அதே மலைதான். 42 ஆண்டுகள் கழித்து, 1896இல், டான் சாய் யான் என்ற மலாக்காக்காரர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்கென்று எழுந்த முதல் ரப்பர் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசகானில் அதைவிடப் பல மடங்கு பெரிதாக நட்டார். அப்படி நாடெங்கும் பரவிய பால்மரங்களை நம்பித்தான் நம் பாட்டன் பாட்டிகளில் பெரும்பாலோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தார்கள். ரப்பர் தோட்டம் என்ற ஏற்பாடு இந்த நாட்டில் வேர்பிடித்தது மலாக்கா மண்ணில். தோட்டம் காட்டுக்கு என்ன செய்தது என்று பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

மலாக்காவில் யானையும் காண்டாமிருகமும் இல்லாமல் போனதற்கு முதல் காரணம் கோடாலி, இரண்டாவது துப்பாக்கி. நஞ்சுதான் எல்லாவற்றையும் அழித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கோடாலிக்கும் துப்பாக்கிக்கும் கணக்கு எழுதியவர்கள் உண்டு. எத்தனை ஏக்கர் வெட்டினார்கள், எத்தனை கொம்பு கொண்டுபோனார்கள் என்று ஏட்டில் இருக்கிறது. நஞ்சுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை.

அந்த நஞ்சின் பெயர் சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக் என்ற தனிமத்திலிருந்து செய்வது. வேதியியலார் ஆர்சனிக்கை அரை உலோகம் என்பார்கள். நச்சுக் கணக்கு எழுதும்போது ஈயம், காட்மியம், பாதரசத்தோடு ஒரே வரிசையில்தான் அதையும் வைப்பார்கள்.

காடழித்து மரம் நட்ட இடத்தில் வெயில் விழுந்தவுடன் முளைத்தது லாலாங் புல். தரைக்கு அடியில் கிழங்குபோல் வேர் ஓடும் புல் அது. வெட்டினால் வளரும், எரித்தாலும் வளரும். சங்கிலி பிடித்தாற்போல் வரிசையாக நின்று மண்வெட்டியால் கொத்தி எடுப்பதற்கு ஆள் செலவு அதிகம். அதனால் போருக்கு முந்தைய காலத்திலேயே துரைமார்கள் சோடியம் ஆர்சனைட் தெளிப்பதற்கு மாறினார்கள். விலை குறைவு, வேலை சீக்கிரம். 1960களில் வேறு மருந்துகள் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை மலாயா தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கும் மருந்து என்றால் பெரும்பாலும் இதுதான்.

இதைத் தெளித்த புல் கரிக்கும். இந்த ஒரு சிறிய செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதை இதிலிருந்துதான் வருகிறது.

நம் நாட்டில் மழை ஆண்டு முழுக்கப் பெய்கிறது. மண்ணிலிருக்கும் உப்பை அது கழுவிக்கொண்டு போய்விடும். காட்டு இலைதழைகளில் சோடியம் மிகக் குறைவு. ஒரு யானை நாளுக்கு 150 கிலோ வரை தழை தின்னும். அவ்வளவு தின்றாலும் உப்புக்கு ஏங்கும். காட்டெருதும் மானும் தாப்பிரும் அப்படித்தான். காட்டுக்குள் சில இடங்களில் உப்பும் தாதுவும் கலந்த சேறு, ஊற்று இருக்கும். மலாய்க்காரர்கள் ஜெனுட் என்றும் சிரா என்றும் சொல்வார்கள். இரவில் எல்லா விலங்கும் அங்கே வந்து நக்கிவிட்டுப் போகும். பேராவில் பெலும் காட்டுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். உப்பு தேடி மைல் கணக்காக நடக்கிற விலங்கு, காட்டோரத்தில் ஒரு தோட்டம் முழுக்கக் கரிக்கும் புல்லைக் கண்டால் என்ன செய்யும்? தின்றது. நக்கியது. செத்தது.

இதைப் பார்த்துக் கவலைப்பட்டவர்களில் முக்கியமானவர் தியோடர் ஹப்பேக். இவர் கதை விசித்திரமானது. கோலாலம்பூர் ரயில் நிலையத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஹப்பேக்கின் சகோதரர். முதலில் தோட்டக்காரர், பெரிய வேட்டைக்காரர். யானையும் சிலாடாங்கும் வேட்டையாடுவதைப் பற்றி 1905இல் புத்தகமே எழுதினார். மலாயாக் காட்டெருதுத் துணையினத்துக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது இவர் பெயரையே வைத்தார்கள். அப்படிப்பட்டவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, மீதி வாழ்நாளை அந்த விலங்குகளைக் காப்பாற்றுவதில் செலவழித்தார். 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். இன்று தாமான் நெகாரா என்று நாம் சொல்லும் தேசியப் பூங்கா அந்த உழைப்பின் பலன். சோடியம் ஆர்சனைட் தெளித்த தோட்டங்களில் பெரிய விலங்குகள் சாவது அவரையும் அவர் காலத்து வேட்டைக் காவலர்களையும் அலைக்கழித்த கவலைகளில் ஒன்று. துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கலாம், வேட்டைக்குப் பருவம் வகுக்கலாம். புல்லில் இருக்கும் நஞ்சுக்கு எந்த வேலியும் இல்லை. அது ஆணா பெண்ணா, கன்றா கிழமா என்று பார்க்காது.

ஆர்சனிக் அதிகமாக உள்ளே போன விலங்கின் குடல் வெந்து புண்ணாகும். இரத்தமாகக் கழியும். உடம்பில் இருக்கும் நீரெல்லாம் வடிந்து, அடங்காத தாகம் எடுக்கும். நாள் இரண்டு நாளில் முடிந்துவிடும். யாரும் பார்க்காத புதருக்குள், ஓடைக் கரையில் நடந்து முடிகிற சாவு அது. ஏட்டில் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே இருக்கும் எழுபது, எண்பது வயதுக்காரர்களுக்கு இதில் தெரிந்த காட்சி ஒன்று இருக்கும். லயத்து மாடுகள். சம்பளம் போதாத காலத்தில் பசுவும் ஆடும் வளர்த்துத்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்தன. "மருந்தடிச்ச காட்டுல மாட்டை விடாதே" என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேய்ந்து வந்த மாடு மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை என்றால் ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். காட்டுக்குள் சிலாடாங் எதனால் செத்ததோ அதனால்தான் லயத்தில் பசு செத்தது. இரண்டும் ஒரே குடும்பத்து விலங்கு.

மாட்டுக்குச் சொல்ல ஆள் இருந்தது. மருந்தைச் சுமந்தவர்களுக்கு? பெரட்டில் பெயர் கூப்பிட்டு, தகரப் பம்பை முதுகில் மாட்டி, வெறுங்காலோடு நிரைக்கு நிரை நடந்தவர்கள் நம் ஆட்கள். மருந்து கலக்கியதும் அவர்கள்தான், பம்பு ஒழுகி முதுகு நனைந்ததும் அவர்களுக்குத்தான். ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் உடம்பில் ஏறினால் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடித்து முடிச்சு விழும். தோலில் மழைத்துளி தெறித்ததுபோல் கருப்பும் வெளுப்பும் படரும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் வரும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. நமக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் ரொன் பிபூன் வட்டாரத்தில், வெள்ளீயச் சுரங்கக் கழிவிலிருந்து கிணற்று நீரில் ஆர்சனிக் கலந்து, 1987இல் மக்களின் தோலில்தான் அது முதலில் தெரிந்தது. உள்ளங்கை தடித்துப்போன எத்தனை தாத்தாக்களைப் பார்த்திருக்கிறோம்! கத்தி பிடித்த கை என்று நினைத்தோம். பலருக்கு அது கத்தி பிடித்ததால் வந்ததாகவே இருக்கலாம். மருந்து சுமந்தவர்களின் கையைத் தனியாகப் பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் தோட்டங்களில் இல்லை.

தோட்டத்தோடு நிற்கவில்லை இந்த மருந்து. 1948இலிருந்து மலாயா வனத்துறை ஒரு புது முறையைக் கையாண்டது. ஒரு காட்டில் விலைபோகும் பெரிய மரங்களை ஒரே தடவையில் வெட்டி எடுத்துவிடுவது. பிறகு, விலைபோகாத மரங்களின் பட்டையைச் சுற்றி வளையமாகச் சீவி, அந்த வெட்டில் சோடியம் ஆர்சனைட் ஊற்றி நின்றபடியே சாகடிப்பது. வெளிச்சம் கீழே விழுந்து விலையுள்ள கன்றுகள் வளரவேண்டும் என்பது கணக்கு. மரநூலார் அந்த முறையைப் பல நாடுகளில் பாராட்டினார்கள். காட்டின் நடுவிலேயே, யானை தழை முறிக்கிற இடத்திலேயே, மரத்துக்கு மரம் நஞ்சு போய்ச்சேர்ந்தது.

வட அமெரிக்காவிலும் இதே போன்ற ஒன்று நடந்திருக்கிறது. காகித ஆலைக்குப் போகிற மரத்தின் பட்டையை எளிதில் உரிப்பதற்காக, 1950களில் நிற்கும் மரத்தைச் சுற்றிச் சீவி இதே சோடியம் ஆர்சனைட்டைப் பூசினார்கள். மான்கள் வந்து நக்கின, செத்தன. அங்கே குளிர், இங்கே வெக்கை. மரம் வேறு, மான் வேறு. உப்புக்கு ஏங்கும் நாக்கு ஒன்றுதான்.

இதெல்லாம் பழங்கதை, அந்த மருந்துதான் போய்விட்டதே என்று தோன்றலாம். இங்கேதான் உலோகத்துக்கும் மற்ற நஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லவேண்டும். பாரகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொடிய மருந்து. தெனகனித்தா அமைப்பு 2002இல் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாரகுவாட்டுக்குத் தடை சொன்னது, 2006இல் தளர்த்தியது, கடைசியில் 2020 சனவரி முதல் நாள் முழுத்தடை வந்தது. அந்தப் போராட்டத்தில் நின்றவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் பாரகுவாட் ஒரு கூட்டுப்பொருள். வெயிலும் நுண்ணுயிரும் காலமும் சேர்ந்தால் அது உடைந்து வேறாகிவிடும். ஆர்சனிக் தனிமம். அதை உடைக்க வெயிலாலும் முடியாது, புழுவாலும் முடியாது. உருமாறும், இடம் மாறும், இல்லாமல் போகாது. 1935இல் ஒரு தோட்டத்தில் ஊற்றிய ஆர்சனிக் இன்று அந்த மண்ணில் இருக்கும், அல்லது மண்ணிலிருந்து ஆற்றுக்குப் போயிருக்கும், அல்லது யாருடைய உடம்பிலாவது இருந்திருக்கும். நான்காவது இடம் கிடையாது.

மலாக்காவின் செம்மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மேட்டு நிலங்களில் இருப்பது செம்புறை மண். இரும்பு நிறைந்தது, அதனால்தான் சிவப்பு. மண்ணியலார் இந்த நாட்டு மண்வகைகளை வரிசைப்படுத்தியபோது ஒரு வகைக்கு மலாக்கா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இரும்புத் துருவுக்கு ஆர்சனிக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. மேட்டில் கொட்டிய நஞ்சின் பெரும்பகுதியை மண் தன் பிடியில் வைத்திருக்கும். அது நல்ல செய்தி. ஆனால் அதே மண் மழையில் அரித்துப் பள்ளத்துக்கு வந்து, சதுப்பில் தண்ணீருக்குள் மூச்சில்லாமல் கிடக்கும்போது, இரும்பு உருமாறிக் கரையத் தொடங்கும். இரும்பு கரைந்தால் அது பிடித்துவைத்திருந்த ஆர்சனிக்கும் நீரில் இறங்கிவிடும். வங்காளதேசத்தில் குழாய்க்கிணறுகளில் ஆர்சனிக் வந்ததன் பின்னாலும் இந்த வேதியியல்தான் இருக்கிறது. மேட்டுக்கும் சதுப்புக்கும் நடுவில் இருக்கிற நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது புத்தகப் பாடம் மட்டும் அல்ல.

சோடியம் ஆர்சனைட் போன பிறகும் ஆர்சனிக் வருவது நிற்கவில்லை. எம்.எஸ்.எம்.ஏ. என்ற மருந்தைச் செம்பனைத் தோட்டத்தில் வேலைசெய்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் ஆர்சனிக் சேர்ந்ததுதான். உடனே கொல்லும் வேகம் குறைவு. மண்ணில் விட்டுப்போகிற தனிமம் ஒன்றே. உரத்தில் வரும் உலோகம் வேறு. பால்மரத்துக்கும் செம்பனைக்கும் பல காலமாகப் போட்டுவந்தது கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறைப் பாஸ்பேட். உலகத்தில் எந்தப் பாறைப் பாஸ்பேட்டிலும் காட்மியம் கொஞ்சமாவது கலந்திருக்கும். ஒரு மூட்டையில் அது ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஆண்டு, மரத்துக்கு மரம் போட்டுக்கொண்டே வந்தால் மண்ணில் ஏறும். மண்ணிலிருந்து தழையில் ஏறும். தழையைத் தின்னும் விலங்கின் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மனிதர்களில், அங்கே போன காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டு ஆகும். யானை அறுபது எழுபது வயது வாழ்கிற உயிர். குட்டியாக இருக்கும்போது சேர்ந்தது கிழமாகும்வரை கூடவே இருக்கும். ஈயம் எலும்பில் போய்ச் சேர்ந்து பல பத்தாண்டுகள் தங்கும். தாய் கருவுற்றால் எலும்பிலிருந்து கரைந்து கருவுக்குப் போகும்.

யானை காட்டுக்குள்தானே இருக்கிறது, தோட்டத்து மண் அதற்கு எப்படி என்றால், காட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் 2011 வாக்கில் தொடங்கிய யானை ஆய்வுத் திட்டம், பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையோடு சேர்ந்து, பல யானைகளின் கழுத்தில் பட்டை கட்டி அவை போகிற வழியைப் பதிவு செய்தது. அடர்ந்த காட்டைவிடக் காட்டோரத்தையும், வெட்டி மீண்டும் தழைத்த நிலத்தையும் யானைகள் விரும்புகின்றன என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சம் விழும் இடத்தில்தான் மூங்கிலும் புல்லும் இளந்தழையும் கிடைக்கும். அந்தக் காட்டோரம் என்பது தோட்டத்து ஓரம். ஜொகூரில் குளுவாங், கஹாங் பக்கம் இருப்பவர்களைக் கேட்டால் இரவில் செம்பனைக் கன்றைப் பிடுங்கித் தின்றுவிட்டுப் போன யானையைப் பற்றிச் சொல்வார்கள்.

மனிதன் கைபடாமலே மண்ணிலும் நீரிலும் நச்சு உலோகம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் ஏராளம். பனிக்காலத்தில் எல்க் மான்கள் அந்த வெதுவெதுப்பான ஆற்றோரத்தில் தங்கி நீர்ச்செடிகளைத் தின்னும். ஊற்றுநீரில் இயற்கையாகவே இருக்கும் ஆர்சனிக்கும் ஃபுளூரைடும் அவற்றின் உடம்பில் ஏறி, பல் தேய்ந்து, மற்ற மான்களைவிடச் சீக்கிரமே சாவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே ஒரு விலங்கின் உடம்பில் ஆர்சனிக் இருந்தால் உடனே தோட்டத்தின் மேல் பழிபோடவும் முடியாது. மண்ணையும் நீரையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அவசரப்பட்டுச் சொன்ன குற்றச்சாட்டைத் தள்ளிவிடுவது எளிது. அளந்து சொன்னதைத் தள்ளமுடியாது.

அளந்ததால் விடிந்த கதை ஒன்று உண்டு. 1989இல் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில் ஒரு பெண் பூமா செத்துக் கிடந்தது. அங்கே பான்தர் என்பார்கள், மிக அரிய இனம். குண்டுக்காயம் இல்லை, வண்டி மோதவில்லை. ஈரலைச் சோதித்தார்கள். கிலோவுக்கு 110 மில்லிகிராம் பாதரசம். சதுப்பு நீரில் கலந்த பாதரசம் மீனில் ஏறி, மீன் தின்னும் ரக்கூன்களில் பெருகி, ரக்கூனைத் தின்ற பூமாவில் குவிந்திருந்தது. ஒரே ஒரு ஈரல். அதற்குப் பிறகு அந்த மாநிலத்தில் மீனையும் நீரையும் குப்பை எரிக்கும் உலைகளின் புகையையும் அளந்தார்கள். உலைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது, பாதரசம் குறைந்தது. செத்த விலங்கைப் புதைத்துவிட்டுப் போயிருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

நம் தமிழ்நாட்டுக் கொடைக்கானல் நினைவுக்கு வருகிறது. காட்டெருமைகள் ஊர்த் தெருவிலேயே நடமாடும் மலை அது. நம் சிலாடாங்கின் இந்திய உறவு. பாம்பார் சோலையை ஒட்டிய மேட்டில் 1980களில் பாதரச வெப்பமானி செய்யும் தொழிற்சாலை வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடைவரை போனதை மக்கள் கண்டுபிடித்துப் போராடி, 2001இல் ஆலை மூடப்பட்டது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. நஞ்சை முதலில் கண்டுபிடித்தது அதைக் கையால் தொட்டவர்களும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களும்தான். அதிகாரிகள் வந்தது பிறகு. மலாக்காவுக்கும் இது பொருந்தும். கடைசியில் நான் கேட்கப்போவதும் இதை வைத்துத்தான்.

இப்போது காட்டுப்பன்றி. இது யானையைப்போல் எங்கோ இருப்பதல்ல. பாயா ரும்புட் பக்கத்திலும் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் பார்ப்பதுதான். மூக்கால் மண்ணைக் கிளறித் தின்பதால் மண்ணில் இருப்பதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போகும். ஜெர்மனியின் பவேரியாக் காடுகளில் காட்டுப்பன்றி இறைச்சியில் சீசியம் என்ற கதிரியக்க உலோகம் பல பத்தாண்டுகளாகக் குறையாமலே இருந்தது. மான்களில் குறைந்தும் பன்றியில் ஏன் குறையவில்லை என்று குழம்பினார்கள். செர்னோபில் விபத்து மட்டும் காரணமல்ல, 1960களின் அணுகுண்டுச் சோதனைகளில் விழுந்த சீசியமும் இன்னும் மண்ணில் இறங்கிக்கொண்டிருக்கிறது, மண்ணுக்கடியில் வளரும் காளான்களைப் பன்றிகள் தோண்டித் தின்கின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. மண்ணின் பழைய வரலாற்றைப் படித்துச் சொல்லும் விலங்கு காட்டுப்பன்றி. நம் செம்மண்ணில் என்ன இருக்கிறது என்று அறிய அதைவிட நல்ல சாட்சி இல்லை.

காட்டுப்பன்றி நம் அடுப்புக்கும் வருகிறது. அதைப் பற்றித் தாய்மார்களிடம் நேராகவே பேசுகிறேன். வேட்டைத் தோட்டாவில் இருப்பது ஈயம். எலும்பில் பட்டவுடன் ஈயம் பொடிப்பொடியாகச் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துகள் குண்டு பட்ட இடத்திலிருந்து வெகுதூரம் வரை இறைச்சிக்குள் போகும். 2008இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்குத் தானமாகக் கொடுத்த மான் இறைச்சிப் பொட்டலங்களை ஒரு மருத்துவர் ஸ்கேன் செய்து பார்த்தார். பாதிக்கு மேற்பட்டவற்றில் உலோகத் துகள் இருந்தது. டென்மார்க் 1996இலேயே ஈயச் சன்னத்தைத் தடைசெய்துவிட்டது, 2024இல் ஈயக் குண்டையும் நிறுத்திவிட்டது. நாம் பன்றிக்கறிக்குப் புளியோ வினிகரோ ஊற்றி வெகுநேரம் வேகவைக்கிறோம். புளிப்பில் ஈயம் கூடுதலாகக் கரையும். குண்டு பட்ட இடத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள். நாய்க்கும் போடாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் சிறு குழந்தைகளும் சுட்டுப்பிடித்த இறைச்சியைச் சாப்பிடவே வேண்டாம். ஈயத்தால் முதலில் கெடுவது குழந்தையின் மூளை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் அளவு ஈயத்துக்குக் கிடையாது.

இனி செய்யவேண்டியது. ஒவ்வோர் ஆண்டும் நெடுஞ்சாலைகளில் வண்டி மோதி தாப்பிர்கள் சாகின்றன. அந்தச் சாவு ஏற்கெனவே நடந்துவிட்ட கொடுமை. அதிலிருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் விரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்து உலோகத்துக்குச் சோதிப்பது வழக்கமாக வேண்டும். யானைகளை ஓரிடத்திலிருந்து பிடித்து இன்னோர் இடத்தில் விடுகிற வேலையைப் பெர்ஹிலித்தான் 1974இலிருந்து செய்கிறது. பகாங்கில் கோலா கண்டா யானைக் காப்பகம் 1989இலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு தடவை யானையை மயக்கிப் பிடிக்கும்போதும் வாலிலிருந்து நாலு மயிர் எடுத்தால் போதும். மயிர் வளர வளர உடம்பில் ஓடும் உலோகத்தைத் தன்னுள் எழுதிக்கொண்டே வரும். அடியிலிருந்து நுனிவரை துண்டு துண்டாகச் சோதித்தால் எந்த மாதத்தில் என்ன ஏறியது என்று தெரியும். யானைக்கு வலிகூடக் கிடையாது. லைசென்ஸ் எடுத்துப் பன்றி சுடுகிறவர்கள் சிறுநீரகம் ஒன்றை ஒப்படைக்கவேண்டும் என்று நிபந்தனை சேர்க்கலாம். இவற்றை எழுத்தில் கேட்டு மனு ஒன்று தயாராக இருக்கிறது. வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம், படித்துப் பார்த்து உடன்பட்டால் கையெழுத்திடுங்கள்.

அரசாங்கம் செய்யமுடியாத ஒரு வேலையும் உண்டு. பழைய தோட்டங்களில் மருந்து ஸ்டோர் எங்கே இருந்தது, பீப்பாய் எங்கே உடைத்தார்கள், எந்த ஓடையில் பம்பு கழுவினார்கள், மிஞ்சியதை எந்தக் குழியில் கொட்டினார்கள் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. ஆர்சனிக் மற்ற இடத்தைவிடப் பல மடங்கு குவிந்திருக்கக்கூடிய இடங்கள் அவைதான். அந்த நிலங்களில் இன்று தாமான்கள் வந்துவிட்டன, விளையாட்டுத் திடல் வந்துவிட்டது, கோயிலும் காய்கறித் தோட்டமும் இருக்கின்றன. எந்த இடம் என்று தெரிந்தவர்கள் அங்கே வேலைசெய்த நம் தாத்தா பாட்டிகள் மட்டும். எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களோடு இந்தச் செய்தியும் போய்விட்டால் பிறகு முழு நிலத்தையும் அடி அடியாகத் தோண்டிப் பார்த்தாலொழிய கண்டுபிடிக்கமுடியாது.

இளைஞர் மன்றத் தம்பி தங்கைகள் இதை எடுத்துச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துக்கு ஒரு நோட்டு. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஸ்டோர் இருந்த இடம், பக்கத்தில் இன்றும் நிற்கிற அடையாளம், மருந்தடித்தவர்கள் யார், எந்த ஆண்டுகளில், மாடு செத்தது எங்கே, காட்டு விலங்கு செத்துக் கிடந்ததைப் பார்த்தார்களா. கேட்கும்போது பாட்டியின் உள்ளங்கையையும் பார்த்துவிடுங்கள். தடிப்போ கரும்புள்ளியோ இருந்தால் அரசாங்க மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அழைத்துப்போய், முன்பு மருந்தடித்தவர் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தோன்றாது.

பழைய தோட்ட நிலத்தில் கிணறு வைத்திருப்பவர்கள், மீன் குளம் வெட்டியிருப்பவர்கள் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் அது தெரியாது, கொதிக்கவைத்தாலும் போகாது. பொதுக்குழாய் நீர் வேறு, நான் சொல்வது கிணற்றைப் பற்றி. இரசாயனத் துறைக்கு மலாக்காவில் கிளை இருக்கிறது. தனியார் ஆய்வுக்கூடங்களும் செய்கின்றன. ஆளுக்கு ஆள் போனால் செலவு, பத்து வீடு சேர்ந்தால் குறையும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மனு இருக்கும் அதே மேசையில் எழுதிவிட்டுப் போங்கள். கிணறு எந்தத் தோட்டத்து நிலத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.